அடுக்களை ஏடுகள்

பொருள்களைத் தேடிச் சேர்த்து வைப்பதில் மக்களுக்கு இயல்பாகவே ஒரு விருப்பம் உண்டு. தபால் தலைகளைச் சேர்ப்பார் சிலர். பழங்காசுகளைச் சேர்ப்பார் சிலர். கிளிஞ்சல்களையும் தீப்பெட்டிப் படங்களையும் சேர்த்து மகிழ்வாரும் உளர். எம்மைப் பற்றிய ஆசையோ சற்று வேறானது. பழஞ் சமையற் புத்தகங்களைச் சேர்ப்பதே அது. இதனை அறிந்த நண்பர்கள் நகையாதிருப்பதில்லை. அடுப்பில் வெந்நீர் வைக்கவும் பிறர் துணை வேண்டும் ஒருவர் பாகசாஸ்திர நூல்களை அடுக்கி வைத்திருப்பது, நீந்தத் தெரியாதவர் ஓடங்களைச் சேர்ப்பது போலும் என்பர். அந்நகைப்பு நியாயமே. எனினும் எமது ஆசை நாவினின்று பிறந்ததன்று. ஒரு பிழையினின்று பிறந்தது. அப்பிழையையும், அதன் பயனாக யாம் கற்றதையும் நமது கல்லூரி மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது ஊர் அந்தியூர். ஈரோட்டு ஜில்லாவின் வடபால் பர்கூர் மலையின் அடிவாரத்தே உள்ளது. முற்காலத்தில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சார்ந்திருந்து, 1979ஆம் ஆண்டு ஜில்லாப் பிரிவினையின்போது ஈரோட்டோடு சேர்ந்தது. பெரிய ஏரியும், பத்திரகாளியம்மன் கோயிலும், வெற்றிலைக் கொடிக்கால்களும் எம்மூர்க்கு அடையாளங்கள். அவ்வூரில் எம் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடொன்று இருந்தது. சுவர்கள் விரிசல் கண்டு, மழைக்காலத்தில் உள்ளே தங்கவொண்ணாத நிலைக்கு வந்தபோது, 2006ஆம் ஆண்டில் அதனைப் பிரித்துவிடுவதென்று குடும்பத்தார் தீர்மானித்தனர். அட்டாலியில் கிடந்தவற்றை ஒழிக்கும் வேலை எமக்கு வாய்த்தது. தகரப் பெட்டி இரண்டு, உடைந்த உரிகள், பழைய பஞ்சாங்கங்கள், பள்ளிப் புத்தகங்கள், கணக்கு நோட்டுகள் ஆகிய இவையே அங்கிருந்தன. யாம் ஒன்றையும் விரித்துப் பார்த்திலோம். தூசிக்கு அஞ்சி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, காகிதம் முழுவதையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். நிறுத்தபோது 31 கிலோ இருந்தது. 155 ரூபாய் கிடைத்தது. அதனை வண்டிக்கூலிக்குக் கொடுத்தோம்.

ஒரு வாரங் கழித்து எம் அத்தையார் பவானியிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் இருக்கையில் அமரு முன்னரே, "அப்பாரு கணக்கெழுதின நீள நோட்டு எங்கே கண்ணு?" என்று கேட்டார்கள். யாம் நடந்ததைச் சொன்னோம். அத்தையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "கணக்குப் போனாப் போகுதுங்க சாமி. பின்னாடிப் பக்கமெல்லாம் எங்கம்மா சொல்லச் சொல்ல அப்பாரு எழுதினதாச்சே" என்றார்கள். கச்சாயத்துக்கு வெல்லம் இவ்வளவு, செலவு ரசத்துக்கு அரைக்கும் சாமான் இவ்வளவு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக்குச் சரக்கு இவ்வளவு, சீருக்கு நூறு பேர் வந்தால் அரிசி பருப்பு இவ்வளவு என்றெல்லாம் அந்நோட்டின் பின்பக்கங்களில் எழுதப்பட்டிருந்ததாம். எம் அப்பத்தாளுக்கு எழுதத் தெரியாது. அவர்கள் நாற்பதாண்டுகள் அவ்வடுக்களையில் நின்று அறிந்தவை யாவும் பாட்டனார் கையெழுத்தில் அந்த ஒரு நோட்டில்தான் இருந்தன. அதனை 5 ரூபாய்க்கு ஒரு கிலோ வீதம் யாம் விற்றுவிட்டோம்.

மறுநாள் காலையிலேயே பேப்பர்க்காரரைத் தேடிச் சென்றோம். அவர் நல்லவர், எம்மோடு தாமும் உட்கார்ந்து கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தார். எம் வீட்டுக் காகிதம் முன்தினமே ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் போய்விட்டதென்றார். ஈரோட்டுக்குச் சென்றோம். அங்கே மலைபோற் குவிந்திருந்த காகிதத்தைக் கண்டபோதே எம் நம்பிக்கை குன்றிற்று. அன்றும் மறுநாளும் தேடினோம். நோட்டு கிடைத்திலது. இதற்குள் அது காகித ஆலையிற் கூழாகிப் புதுத்தாளாய் வெளிவந்திருக்கும். ஆயினும் அக்குவியலில் வேறொரு புத்தகம் எம் கையில் அகப்பட்டது. அட்டையில்லை, முதற் பதினாறு பக்கங்களில்லை, எஞ்சியதெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் படிந்து கிடந்தது. அஃது ஒரு சமையற் புத்தகம். வேப்பம்பூ ரசத்தைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், "இவருக்கு உப்புக் குறைக்க" என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். அவ்வொரு வரியைப் படித்தபின் அப்புத்தகத்தை அங்கேயே விட்டுவர மனம் வரவில்லை. பத்து ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம். எமது சேகரத்தின் முதல் நூல் அதுவே.

அன்று முதல் பழம்புத்தகம் விற்குமிடமெல்லாம் எமக்குத் திருத்தலமாயிற்று. ஆடி மாதத்தில் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழா நடைபெறும். அதனோடு கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் நாடறிந்தவை. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் விளங்கும் பர்கூர் மாடுகளையும், அலங்கரித்த குதிரைகளையும் காணப் பல ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் வருவர். யாம் குதிரைகளைக் காண்பதில்லை. சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்துப் பழம்புத்தகம் விற்பார் எவரேனும் உளரோ என்று நோக்கித் திரிவோம். ஐந்தாறு ஆண்டுகளில் அங்கே எமக்கு நான்கு நூல்கள் கிடைத்தன. கோயமுத்தூரிலும் சேலத்திலும் சென்னையிலும் கிடைத்தவற்றைக் கூட்ட, இன்று எம்மிடம் எழுபதுக்கு மேற்பட்ட சமையற் புத்தகங்கள் உள்ளன. விலை மதிப்பில் அவை பெரிதும் பொருட்படுத்தத் தக்கனவல்ல. பலவற்றுக்கு முன்னட்டையில்லை, சிலவற்றுக்கு ஆக்கியோர் பெயரும் இல்லை.

சமையலை நூலாக எழுதும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த விருந்தைக் கூறுமிடத்து, வீமன் செய்த மடைநூலைக் குறிப்பிடுகின்றது. நளன் பெயரால் வழங்கும் பாகதர்ப்பணம் என்னும் வடமொழி நூலும் உண்டு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாஞ் சரபோஜி மன்னரது அரண்மனைச் சமையலை மராத்தியில் எழுதிவைத்த ஏட்டைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தார் சரபேந்திர பாகசாஸ்திரம் என்னும் பெயரால் அச்சிட்டிருக்கின்றனர். அச்சுப் பொறி பரவியபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இராமச்சந்திர ராயரது இந்து பாகசாஸ்திரம் தமிழில் வெளிவந்தது. 1951ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் தமது சமைத்துப் பார் என்னும் நூலைத் தாமே வெளியிட்டார். இளமையிலேயே கணவரை இழந்த அவ்வம்மையார், உறவினர் பலரும் சமையல் முறையைக் கேட்டுக் கேட்டு எழுதச் செய்தமையால் நூலாசிரியரானவர். தமிழ் நாட்டில் எத்தனையோ மணப்பெண்கள் அந்நூலைச் சீதனத்தோடு எடுத்துச் சென்றனர். இன்றும் அது விற்பனையில் உள்ளது.

இந்நூல்களைப் படிப்பாருக்கு முதலில் இடர் செய்வன அளவைகள். பழைய நூல்களிற் கிராமும் இல்லை, லிட்டரும் இல்லை. பலம், வீசை, ஆழாக்கு, படி ஆகியனவே அங்குள்ளன. சென்னை இராஜதானி வழக்கில் மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. இக்காலக் கணக்கில் ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். ஒரு வீசை ஏறத்தாழ 1,400 கிராம். முகத்தலளவையில் எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டின் சட்டப்படி 1958 முதல் தசாம்ச முறை எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதனையொட்டிய ஆண்டுகளில் வெளிவந்த புத்தகங்களைப் பார்த்தல் ஒரு வேடிக்கை. முன்பாதியில் பலமும் பின்பாதியில் கிராமுமாக இருப்பனவும் உண்டு. எம்மிடமுள்ள ஒன்றில், அச்சிட்ட பலக் கணக்கின் மேல், புத்தகத்துக்கு உரியவர் நீல மையால் கிராமைக் கணக்கிட்டு எழுதியிருக்கின்றார். "காலணாவுக்குக் கறிவேப்பிலை" என்று விலையையே அளவாகக் கூறும் இடங்களும் உண்டு. அணா 1957ஆம் ஆண்டின் நாணயச் சீர்திருத்தத்தோடு நீங்கியது; ஆகவே அந்தக் காலணாவுக்கு எத்துணைக் கறிவேப்பிலை என்பதை இனி எவரும் நிறுத்துச் சொல்ல முடியாது.

இவ்வாறு எம் சேகரம் வளர்ந்துவருகையில், அயல்நாட்டிலும் இதே பித்துடையார் உளர் என்று அறிந்து ஆறுதலுற்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சங்கச் சமையற் புத்தகங்கள் என்று ஒருவகை நூல்கள் உண்டு. அவற்றைப் புலவரும் எழுதவில்லை. புகழ்பெற்ற சமையற்காரரும் எழுதவில்லை. ஓர் ஊரின் திருச்சபை மாதர் சங்கத்தாரோ பிற சங்கத்தாரோ கூடி, தத்தம் வீட்டுச் சமையல் முறைகளை எழுதிக்கொடுத்து, அவற்றைத் தொகுத்து அச்சிட்டு விற்று, வரும் பொருளைத் தருமத்துக்கு உதவுவர். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், 1864ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில், காயம்பட்ட போர்வீரர்க்கு உதவும் பொருட்டு ஒரு பெரிய சந்தை நடத்தினர். அச்சந்தைக்கென மரியா மாஸ் என்னும் அம்மையார் தொகுத்தளித்த நூலை இவ்வகையில் முதலாவதாகக் கூறுவர். பின்னர் இவ்வழக்கம் ஊர்தோறும் பரவியது. ஆலயத்துக்குக் கூரை வேய்வதற்கு ஒரு புத்தகம், மருத்துவமனைக்குக் கட்டில் வாங்குவதற்கு ஒரு புத்தகம், இப்படியாக ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. 1915ஆம் ஆண்டுக்குட்பட்ட இத்தகைய நூல்களை மார்கரெட் குக் என்னும் அம்மையார் தேடித் தொகுத்து, 1971இல் ஓர் அட்டவணையாக வெளியிட்டார்.

இவற்றுள் ஒரு நூலின் வரலாறு எமக்கு மிகவும் உவப்பானது. மில்வாக்கி நகரில் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைப் பெண்களுக்குச் சமையல் கற்பித்துவந்த லிசி கேண்டர் அம்மையார், மாணவியர் பலகையைப் பார்த்து எழுதிக் காலங்கழிப்பதை நீக்கக் கருதிப் பாடங்களை அச்சிட விரும்பினார். அதற்கு வேண்டியது 18 டாலர். நிலையத்தின் நிர்வாகிகள் அத்தொகையைத் தர மறுத்தனர். அம்மையார் சோர்வடையாது, விளம்பரங்களைத் திரட்டி 1901இல் நூலை அச்சிட்டார். அது பதிப்பின்மேற் பதிப்பாகப் பல இலட்சம் பிரதிகள் விற்று, அந்நிலையத்துக்குப் புதுக் கட்டடத்துக்கான பொருளையும் ஈட்டித் தந்தது. மறுத்தவர் தொகையையும் ஈட்டியவர் தொகையையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு, அடுக்களையறிவு அற்பமென்னும் எண்ணம் நீங்கும்.

நம் தேசத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மசூரியை அடுத்த இலண்டௌர் என்னும் மலையூரில், கோடைக்கு வந்து தங்கிய மிஷனெரிமார் குடும்பத்துப் பெண்மணிகள், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அத்தகைய தொகுப்பு ஒன்றை உண்டாக்கினர். மலையுயரத்தில் மாவு பொங்குவதும் நீர் கொதிப்பதும் சமவெளியிற் போலாகா. ஆதலின் அங்கே பயன்படும் முறைகளை ஒருவர்க்கொருவர் எழுதிக்கொடுத்து உதவினர். அந்நூலை ரஸ்கின் பாண்டும் கணேஷ் சைலியும் 2001ஆம் ஆண்டில் மறுபதிப்பாகக் கொணர்ந்தனர். நம் தமிழ்த் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று பெண்மக்கள் பலகாரமும் ஊறுகாயும் செய்துகொணர, அவை ஏலத்தில் விற்கப்படுவதை நம் கல்லூரியிற் பயின்றோர் பலரும் கண்டிருப்பர். அவ்வாறான ஒரு பண்டிகைக்கென ஒரு மாதர் சங்கத்தார் அச்சிட்ட முப்பத்திரண்டு பக்கச் சிறு நூலொன்று எம்மிடம் உண்டு. தாளோ மட்டம், அச்சுப் பிழையோ பக்கத்துக்கு மூன்று. எம் சேகரத்தில் யாம் மிகவும் மதிப்பது அதனையே. ஏனெனில், ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் அதனைக் கொடுத்த பெண்மணியின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது.

பெயரைப் பற்றி யாம் இத்துணை கருதுவானேன் என்று கேட்கலாம். 1878ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த ஓர் ஆங்கிலச் சமையல் நூல் மிகப் புகழ் பெற்றது. கென்னி ஹெர்பர்ட் என்னும் இராணுவ உத்தியோகஸ்தர் வைவெர்ன் என்ற புனைபெயரால் எழுதியது. சென்னையிலுள்ள துரைசானிமார்க்குச் சமையற்காரரை வைத்து வேலை வாங்கும் வகையை நகைச்சுவையோடு கூறுவது. அந்நூலில் தமிழ்ச் சமையற்காரர் அனைவர்க்கும் ஒரே பெயர்: இராமசாமி. துரை வீட்டு அடுப்பில் வெந்தவர் எத்தனையோ பேர். நூலில் அவர்களெல்லாம் ஒரு பொதுப்பெயருள் மறைந்தனர். நூலின்மேல் நின்றதோ துரையின் பெயர். அமெரிக்க நூல்களிலும் இக்குறை இல்லாமலில்லை. 1950ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டன் நகர மாதர் சங்கத்தார் வெளியிட்ட நூல் அரிசியுணவுக்கும் இறாலுணவுக்கும் பேர்போனது. அந்நாட்டு வயல்களில் நெல் விளைவித்தவரும், பெரிய வீடுகளின் அடுப்படியில் நின்றவரும் ஆப்பிரிக்க அடிமை மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. பாகங்களின் கீழ்க் கையொப்பமிட்டவரோ பெரும்பாலும் வெள்ளைச் சீமாட்டிகள். ஆகவே, ஒரு சமையற் புத்தகத்தைக் கையிலெடுத்தால், என்ன சமைத்தார்கள் என்பதோடு, யார் பெயர் இதிலுள்ளது, யார் பெயர் இல்லை என்பதையும் நோக்க வேண்டுமென்று யாம் கற்றுக்கொண்டோம்.

இந்தக் கண்கொண்டு எம்முடைய அலமாரியை நோக்கியபோதுதான் ஒரு பெருங்குறை புலப்பட்டது. எம்மிடமுள்ள பழந்தமிழ்ச் சமையல் நூல்களிலே சாம்பாருக்குப் பல பக்கங்கள் உண்டு. பாதாம் அல்வாவும் உண்டு. சில நூல்களிற் சீமைப் புட்டும் கேக்கும் உண்டு. கொங்கு நாட்டார் நாடோறும் உண்ட கம்பஞ்சோறும், ராகிக்களியும், கொள்ளுப் பருப்பும் அவற்றில் இல்லை. அரிசியும் பருப்பும் ஒருங்கிட்டு வடிக்கும் சோறு இல்லை. மாவை அவித்து அச்சிலிட்டுப் பிழியும் சந்தகை இல்லை. பச்சைப்புளி ரசம் இல்லை, கச்சாயம் இல்லை. நூலெழுதினோர் நகரத்தார், நகரத்துச் சில குலத்தாரின் சமையலையே எழுதினர், வாங்கினோரும் அன்னோரே. புஞ்சைக்காட்டில் வேலை செய்து, இருட்டில் திரும்பி, அடுப்பு மூட்டிய பெண்ணுக்குப் புத்தகம் வாங்கவும் பொருளில்லை, வாசிக்கவும் எழுத்தில்லை. அவளுடைய நூல் அவள் கையிலேயே இருந்தது. அக்கை ஓய்ந்தால் நூலும் ஓய்ந்தது. எம் பாட்டனார் ஒருவர் எழுதிவைத்தார். அதனை யாம் எடைக்குப் போட்டோம். அந்நோட்டின் மதிப்பு எமக்கு முழுவதும் விளங்கியது அன்றுதான்.

காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொரு பெரியார் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றையோர் குப்பையென்று கழித்த தமிழ்ப் புத்தகங்களையும், பத்திரிகைகளையும், நாடக நோட்டீசுகளையும், அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் காலமானபோது ஏறக்குறைய ஓரிலட்சம் உருப்படிகள் இருந்தனவாம். சிகாகோ சர்வகலாசாலையார் அவற்றைப் பெற்றுத் தமிழ் நாட்டை விட்டுக் கொண்டுபோகாது, 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக நிறுவச் செய்தனர். உயர்ந்த காவியங்களைக் காப்பாற்றுவார் எக்காலத்தும் சிலர் உளர். நோட்டீசையும் சமையற் புத்தகத்தையும் காப்பாற்றுவாரே அரியர். தமிழ் இணையக் கல்விக் கழகத்தார் தம் மின்னூலகத்திற் பல பழைய நூல்களைப் படம்பிடித்து எவரும் காண வைத்துள்ளமையும் பாராட்டத்தக்கது. ஆனால் அச்சேறாத நோட்டு எந்த நூலகத்துக்கும் தானாக வந்து சேராது. அது வீட்டாரின் கையிலேயே பிழைக்கும், அல்லது மாளும்.

சமையற் புத்தகம் மற்றைய நூல்களைக் காட்டிலும் விரைவில் அழிவதற்குக் காரணமும் உண்டு. சென்ற நூற்றாண்டின் மலிவான தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள அமிலம் நாளடைவில் தாளை மஞ்சளாக்கி, மடித்தால் ஒடியும்படி செய்துவிடும். அதன்மேல் அடுக்களையின் ஆவியும் எண்ணெயும் படிகின்றன. இனிப்பும் மாவும் பூச்சியை அழைக்கின்றன. யாம் செய்யும் பராமரிப்பு எளியது. ஒவ்வொரு பக்கத்தையும் மெல்லிய தூரிகையால் துடைத்து, நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியிற் சுற்றி, வசம்புத் துண்டுகளோடு அலமாரியில் வைக்கிறோம். கறைகளை நீக்க முயல்வதில்லை. எப்பக்கத்திற் கறை மிகுதியோ அப்பலகாரமே அவ்வீட்டில் அடிக்கடி செய்யப்பட்டதென்று பொருள்; அதுவும் படிக்கத்தக்க எழுத்தே.

இனி எம் பிழைக்கு யாம் தேடிய கழுவாயைக் கூறுவோம். 2014ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் பவானிக்குச் சென்று, நினைவிலுள்ளவற்றைச் சொல்லுமாறு அத்தையாரை வேண்டினோம். அவர்கள் முதலில் இசையவில்லை. "சொன்னா வருமுங்களா சாமி? செஞ்சாத்தான் வரும்" என்றார்கள். ஆகவே செய்யவே செய்தார்கள். யாம் தராசும் நோட்டுமாய் அருகில் அமர்ந்தோம். முதற்பாகம் கச்சாயம். பச்சரிசியை அளக்கும்போது அவர்கள் ஆழாக்கைத் தொடவில்லை, கையாலேயே அள்ளினார்கள். "பத்துப் பிடி" என்றார்கள். பிடி என்றால் எவ்வளவென்று எவ்வாறு எழுதுவது? ஒரு பிடியை அள்ளித் தராசிலிடச் சொன்னோம்: 62 கிராம். மறுபடி அள்ளச் சொன்னோம்: 61. மூன்றாம் முறை: 62. அதே அரிசியை யாம் மும்முறை அள்ளியபோது 48, 70, 55 என்று வந்தது. அத்தையார் சிரித்துவிட்டார்கள். எழுபதாண்டுக் கைப்பழக்கத்துக்கும் எம் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அத்தராசு காட்டிற்று.

அரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, வெல்லமும் ஏலக்காயுமிட்டு ஆட்டும்போது வெல்லத்தையும் கண்ணளவாலேயே போட்டார்கள். யாம் இடைமறித்து நிறுத்தோம். 620 கிராம் அரிசிக்கு 460 கிராம் வெல்லம். மாவின் பதம் என்ன என்றோம். "கரண்டியில இருந்து நாடா மாதிரி விழோணும், கண்ணு. அத்துப் போய் விழுந்தாக் கெட்டி, தண்ணியாட்டம் ஓடுனா எண்ணெயில பரவிப் போகும்" என்றார்கள். அதனை அவ்வாறே எழுதிக்கொண்டோம். அதைவிடச் செம்மையாக எமது செந்தமிழால் எழுத இயலாது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் விடுமுறைதோறும் சென்று, நாற்பத்தொரு பாகங்களை எழுதி முடித்தோம். இழந்த நோட்டில் எத்தனை இருந்தனவோ, அவற்றுள் எத்தனை மீண்டனவோ, அத்தையார்க்கும் நினைவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தின் சரக்குகளிற் பதினொன்றே அவர்கள் நினைவுக்கு வந்தன. "இன்னும் ரெண்டு இருக்குது" என்று பலமுறை சொன்னார்கள். அவ்விரண்டும் இன்றளவும் வரவில்லை. அப்பக்கத்தில் இரண்டு வரிகளை வெறுமையாய் விட்டிருக்கிறோம்.

எழுதி முடித்த அன்று, ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் பெயர் எழுத வேண்டுமென்று சொல்லி, அத்தையாரின் பெயரை எழுதப் போனோம். அவர்கள் தடுத்து, "என் பேர் எதுக்கு? எங்கம்மா பேரைப் போடு சாமி" என்றார்கள். எழுதுகோலைக் கையிற் பிடித்தவாறே யாம் திகைத்து நின்றோம். எம் அப்பத்தாளின் பெயர் எமக்குத் தெரியாது. அவர்கள் மடியில் வளர்ந்தோம். அவர்கள் இட்ட சோற்றை உண்டு பள்ளிக்குச் சென்றோம். அவர்கள் ஈமக்கடனிலும் உடனிருந்தோம். அப்பத்தாள் என்பதன்றி அவர்களுக்கு ஒரு பெயர் உண்டென்பதை ஒருநாளும் கேட்டறிந்திலோம். சென்னைத் துரை தம் சமையற்காரரை இராமசாமி என்று அழைத்ததைப் பெருங்குற்றமாகப் பேசிவந்த எமக்கு, அவ்வேளையில் நா எழவில்லை. அத்தையார் பெயரைச் சொன்னார்கள். நாற்பத்தொரு முறை அதனை எழுதினோம். இக்கட்டுரையிலும் அப்பெயரை அச்சிட விரும்பி உத்தரவு கேட்டோம். "புத்தகத்திலெல்லாம் வேண்டாம். வூட்டு நோட்டுல இருந்தாப் போதும்" என்றார்கள். அவர்கள் விருப்பத்தை மீற யாம் துணியவில்லை.

அத்தையார்க்கு இப்பொழுது கை நடுங்குகின்றது. சென்ற தீபாவளிக்குக் கச்சாயத்தை எம் வீட்டிலேயே, அந்நோட்டைப் பார்த்து, தராசில் நிறுத்துச் செய்தோம். முதல் ஈடு எண்ணெயிற் பரவிப் போயிற்று; மூன்றாம் ஈட்டில் மாவு நாடாவாக விழுந்தது. ஒன்றை அத்தையார் கையிற் கொடுத்தோம். பிட்டுப் பார்த்து, சிறிது தின்று, "வெல்லம் சரி" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரண்டு பொருள்களை எடுத்துச் செல்லுங்கள்: ஒரு நோட்டும், ஒரு சிறு தராசும். உங்கள் வீட்டு அடுப்பருகே நிற்பவரை அணுகி, ஒரு பாகத்தையேனும் அவர் சொன்ன சொற்களாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் பிடியளவை நிறுத்துப் பாருங்கள். அட்டாலியிலுள்ள பழைய நோட்டை எடைக்குப் போடுமுன் பின்பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். எழுதி முடித்தபின் அவர் பெயரைக் கேளுங்கள். அது தெரிந்ததுதானே என்று எண்ணி இராதீர்கள். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.